ஒரு புள்ளியின் மதிப்பு

திருவனந்தபுரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். அந்த ஆர்வத்தைக் கொண்டே அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லித் தரலாம்.

2018–19 ஐ லீக் போட்டி. 11 அணிகள், அணிக்கு 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை.

சென்னை சிட்டி: வெற்றி 13, டிரா 4, தோல்வி 3. 39 + 4 = 43.
ஈஸ்ட் பெங்கால்: வெற்றி 13, டிரா 3, தோல்வி 4. 39 + 3 = 42.

வெற்றிகள் சமம். கூடுதலான ஒரு டிராவே சென்னை சிட்டிக்குக் கோப்பையைத் தந்தது.

கடைசி நாள் 2019 மார்ச் 9. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவை 2–1 என வென்றது. கோவையில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிய சென்னை சிட்டி, தளராமல் ஆடி 3–1 என வென்றது. அது டிராவாகியிருந்தால் 41 புள்ளிகள்தான். கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்!

தண்டவாள வேலையில் நாங்கள் மில்லிமீட்டரையும் விடாமல் குறித்து வைப்போம். பிள்ளைகளே, படிப்பிலும் அப்படித்தான். ஜெயிக்க முடியாத நாளில் தோற்காமல் இருப்பதும் சம்பாத்தியமே.

பயிற்சி: ஈஸ்ட் பெங்கால் தான் தோற்ற ஆட்டங்களில் இரண்டை டிரா செய்திருந்தால், அதன் புள்ளிகள் எத்தனை?