செயற்கை மூட்டும் சீழ்க் கிருமிகளும்

மூட்டு வலி என்ற ஒரே சொல்லில் நம் மக்கள் பல நோய்களை அடக்கிவிடுகின்றனர். வயது முதிர்வால் முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்துபோவது ஒருவகை. உடலின் தற்காப்புச் சக்தியே திசை தவறி, மூட்டின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவது வேறுவகை. பின்னதையே முடக்கு வாதம் என்கிறோம். கைவிரல் கணுக்கள் முதல் கழுத்தெலும்பு வரை எம்மூட்டையும் இது பற்றலாம். நடுவயதுப் பெண்களிடையே மிகுதி. கீல்வாதம், வாயு, வாதநீர் என்று ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களைக் கொண்டு நோயைப் பிரித்தறிய இயலாது என்பதைக் களப்பணியாளர்கள் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ முற்றும் பழுதுற்றபின், இவ்விரு வகையினருக்கும் செய்யப்படும் ரண சிகிச்சை ஒன்றே. பழுதுற்ற பகுதிகளை நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துகின்றனர். ஆனால் அதன்பின் சீழ் பிடிக்கும் அபாயம் இருவருக்கும் ஒன்றன்று. தேய்மானத்தால் மூட்டு மாற்றப்பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு ஆழ்ந்த சீழ் காண்கிறது. முடக்கு வாதத்தினருக்கு இந்த அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை இருக்கிறது. சில மருத்துவமனைகளின் கணக்கில் அதற்கும் மேல். விகிதம் சிறிதுதானே என்று தோன்றலாம். சீழ் கண்ட அந்த ஒருவர், பெரும் பொருள் செலவிட்டுப் பெற்ற மூட்டை மட்டுமன்றி, நடமாட்டத்தையும் சிலவேளை உயிரையுமே இழக்க நேர்கிறது.

செயற்கை மூட்டில் கிருமிகள் இவ்வளவு எளிதில் குடிபுகுவது எவ்வாறு? 1957-ஆம் ஆண்டில் எலெக், கோனென் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தொண்டர்களின் தோலினுள் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்தி ஆராய்ந்தனர். நல்ல தோலில் ஒரு சீழ்க்கட்டி தோன்றப் பத்து லட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தபோதோ சில நூறு கிருமிகளே போதுமாயின. நூலிழை ஒன்றுக்கே இந்நிலை என்றால், உள்ளங்கை அளவுள்ள உலோகத்தைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. உயிரற்ற அப்பொருளுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. ஆதலின் வெள்ளணுக்களும் மருந்தும் அங்கே எளிதில் சென்று எட்டுவதில்லை.

உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்ட கிருமிகள், தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைச் சுரந்துகொள்கின்றன. குளத்துப் படித்துறையில் காலை வழுக்கும் பாசியை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு உவமையாகக் காட்டலாம். எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் அது போவதில்லை; சுரண்டித்தான் எடுக்கவேண்டும். படலத்தினுள் உறங்குவன போன்று கிடக்கும் கிருமிகளை, இரத்தத்தில் ஓடும் பென்சிலின் இன மருந்துகள் பெரும்பாலும் அழிக்க மாட்டா. தோலில் தீங்கின்றி வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கூட இங்கே பகையாக மாறிவிடுகிறது. இது மிக மெதுவாக வேலை செய்வதால், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்தும் நோய் வெளிப்படக்கூடும்.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-இல் உருவாக்கிய இடுப்பு மூட்டே இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. அவருடைய தொடக்க கால நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் சீழ் பிடித்தது. காற்றில் மிதக்கும் துகள்களே கிருமிகளைச் சுமந்து வருகின்றன என்று அவர் கருதி, வடிகட்டிய காற்று இடையறாது வீசும் சிறு அறையொன்றை அமைத்தார். டாக்டர்கள் மூச்சுக்காற்று வெளியே கசியாத உடை அணிந்தனர். பத்தாண்டுகளுக்குள் அவ்விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. தூய காற்றின் பயன் 1982-இல் வெளியான எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ரண சிகிச்சைகளின் ஆய்விலும் உறுதிப்பட்டது. ரண சிகிச்சையின்போது கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதன் பயனும் அவ்வாறே தெரியவந்தது.

ரண சிகிச்சை அறை இங்ஙனம் தூய்மை பெற்றபின் எஞ்சி நிற்பது நோயாளியின் உடலிலேயே உள்ள அபாயம். முடக்கு வாதத்தில் இது பலவழியாய் வருகிறது. தற்காப்புச் சக்தி நோயினாலேயே குழம்பியிருக்கிறது. உணவும் இரத்தமும் குன்றியிருக்கின்றன. விரல்கள் கோணி, கால் அடியில் காய்ப்பு விழுந்து, அது வெடித்துப் புண்ணாகிறது. வெறுங்காலுடன் வயலில் நடப்போருக்கு இப்புண்ணே கிருமிகளின் வாயில். செயற்கை மூட்டுக்கு வெகு தொலைவில் உள்ள இச்சிறு புண்ணிலிருந்து, இரத்தத்தின் வழியே கிருமி சென்று மூட்டில் தங்கலாம். சொத்தைப் பற்களும் சிறுநீர்த் தாரைப் புண்களும் இவ்வாறே. ஆகையால் ரண சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்னரே காலையும் பல்லையும் பார்க்கவேண்டும்.

இனி மருந்துகளைப் பற்றி. இப்பகுதியிலேதான் தவறான அறிவுரைகள் மிகுதியாக வழங்குகின்றன. தற்காப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகள் யாவும் சீழுக்குக் காரணமாகும் என்று கருதி, எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோர் உண்டு. மெதோட்ரெக்ஸேட் பற்றி அதே ரைட்டிங்டன் மருத்துவமனையில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வொன்று இக்கருத்தைப் பொய்ப்பித்தது. இம்மருந்தை நிறுத்தாமல் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு இருவருக்கே ரண சிகிச்சைக்குப்பின் சீழோ பிற சிக்கலோ நேர்ந்தது; நிறுத்தியவர்களில் நூற்றுக்குப் பதினைவருக்கு நேர்ந்தது. நிறுத்தியவர்களுக்கு மூட்டுவாதமும் சீறி எழுந்தது. ஸல்ஃபஸலஸின், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் ஆகியவற்றையும் நிறுத்தவேண்டுவதில்லை என்பதே இன்றைய வழிகாட்டு முறை.

ஊசிவழி செலுத்தப்படும் புதிய உயிரியல் மருந்துகளின் கதை வேறு. இவற்றைப் பொறுத்தவரை, ஒரு தவணையின் காலம் முடிந்து அடுத்த ஊசி போடவேண்டிய வேளையில் ரண சிகிச்சையை அமைக்கின்றனர். இரு வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் அடலிமுமாப் என்றால் மூன்றாம் வாரத்தில் சிகிச்சை. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளை மூன்று நாட்களுக்கு முன் நிறுத்தினால் போதுமென்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. புண் ஆறித் தையல் பிரித்தபின், ஏறக்குறைய இரண்டு வாரத்தில், இவற்றை மீண்டும் தொடங்கலாம். முடிவு டாக்டருடையது, நாளைக் குறித்து வைத்து நினைவூட்டுவது களப்பணியாளருடைய பொறுப்பு.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது ஸ்டீராய்டு. 1948-இல் பிலிப் ஹென்ச் முடக்கு வாதத்துக்குக் கார்ட்டிஸோன் கொடுத்துப் பெற்ற வியத்தகு பலன் அவருக்கு 1950-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு தேடித் தந்தது. அதே இன மருந்து, அளவு கூடக்கூடப் புண் ஆறுவதைத் தடுத்துச் சீழுக்கு இடந்தருகிறது. நாளொன்றுக்குப் பிரெட்னிஸோலோன் 10 மில்லிகிராமைத் தாண்டினால் அபாயம் தெளிவாகத் தென்படுகிறது. நம் நாட்டில் டாக்டரின் சீட்டின்றியே இம்மாத்திரையை வாங்கி உண்போர் பலர். பெயரிடப்படாத 'வாதப் பொடி'களில் இது கலந்திருப்பதும் உண்டு. நோயாளி, 'நான் இங்கிலீஷ் மருந்தே சாப்பிடுவதில்லை' என்று சொன்னாலும், பொடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்லது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். குறைப்பதாயின் படிப்படியாக, டாக்டரின் பார்வையில், ரண சிகிச்சைக்குப் பல வாரம் முன்பே குறைக்கவேண்டும்.

நோயாளி வீடு திரும்பியபின் எதைக் கவனிப்பது? புதிதாய் எழும் வலி, மூட்டில் சூடு, பத்து நாளுக்கு மேலும் வற்றாத கசிவு, ஆறிய தழும்பில் ஒரு சிறு துளை. காய்ச்சல் இல்லை என்பதால் ஆறுதல் கொள்ளக்கூடாது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். இரத்தச் சோதனையும் ஏமாற்றலாம். முடக்கு வாதத்தில் அந்த எண்கள் இயல்பாகவே உயர்ந்திருக்கும். பல மூட்டுகள் ஒருங்கே வீங்கினால் பழைய வாதம் சீறியது எனலாம். செயற்கை மூட்டு ஒன்று மட்டும் வீங்கி, மற்றவை அமைதியாயிருந்தால், அது சீழ் அல்ல என்று நிறுவப்படும்வரை சீழ் என்றே கொள்ளவேண்டும். அதில் வலிக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவது பெருந்தீங்கு.

அருகிலுள்ள கடையில் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமே என்பது எவருக்கும் எழும் எண்ணம். இதைத் தடுப்பது அவசியம். மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை; மறைக்கிறது. பின்னர் மூட்டுநீரை எடுத்துச் சோதித்தாலும் கிருமி வளராது. எம்மருந்துக்கு அது பணியும் என்பது தெரியாமற் போகும். நோய் தோன்றிய மூன்று வாரத்துக்குள் நோயாளி வந்துவிட்டால், மூட்டைத் திறந்து கழுவிச் சுரண்டி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற இடமுண்டு. படலம் முதிர்ந்துவிட்டால் மூட்டு முழுவதையும் அகற்றி, மருந்து கலந்த சிமெண்டுத் துண்டொன்றை இடையில் வைத்து, சில மாதம் கழித்து இரண்டாம் முறை பொருத்தவேண்டியிருக்கும். கடை மாத்திரையில் கழிகிற இரண்டு வாரத்தின் விலை இதுவே.

ஆகவே நோயாளியை அனுப்பும்போது, அவர் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். எந்த மூட்டு, எந்த ஆண்டு மாற்றப்பட்டது, உட்கொள்ளும் வாத மருந்துகளின் பெயரும் அளவும், கடைசி ஊசி போட்ட தேதி, ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், இவ்வீக்கம் தொடங்கிய நாள், அதன்பின் ஏதேனும் கிருமிக்கொல்லி உண்டாரா என்பன அதில் எழுதப்பட்டிருந்தால், பெரிய மருத்துவமனையின் டாக்டருக்கு முதல் நாளிலேயே மூட்டுநீர் எடுக்கத் தயக்கம் இராது.