தம்பியின் சைக்கிள் கடைக்கு ஒரு லோகோ: அக்காவின் 6 டிப்ஸ்

"அக்கா, ஆத்தூரில் சைக்கிள் கடை போடப் போகிறேன். லோகோவுக்கு நல்லதாக ஒரு சைக்கிள் படம் தேடிக் கொடு" என்று தம்பி போனில் கேட்டான். "சைக்கிள் படம் எல்லா சைக்கிள் கடையிலும் இருக்கிறது கண்ணு. உன் கடை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதைக் கடை வைக்கப் போகும் எல்லாத் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன்.

1. கடையின் குணத்தை எழுது

பென்சிலை எடுக்கும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுது. யார் வருவார்கள்? எதற்கு வருவார்கள்? உன் கைக்கு எந்த வேலை நன்றாக வரும்? பால் கேனும் தீவன மூட்டையும் ஏற்றும் கனத்த சைக்கிளுக்கு ரிம் பெண்டு எடுப்பதில் நீ கெட்டிக்காரன் என்றால், தடித்த எழுத்தும் நேர்கோடும் பொருந்தும். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகள்தான் அதிகம் என்றால், உருண்டையான, இளகிய எழுத்து வை. கியர் சைக்கிள் விற்கும் கடைக்குச் சாய்ந்த, மெல்லிய எழுத்து. மூன்றையும் ஒரே லோகோவில் திணிக்காதே.

2. சொந்தக் கதையிலிருந்து எடு

பிஎஸ்ஏ என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்த கம்பெனி என்பதால் அதன் பழைய சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். ராலே கம்பெனி இங்கிலாந்தின் நாட்டிங்காமில், ராலே தெருவில் சிறு பட்டறையாகத் தொடங்கியது. தெருவின் பெயரையே கடைக்கு வைத்தார்கள், அது உலகம் முழுக்கப் போனது.

நம் ஊருக்கும் கதை உண்டு. வசிஷ்ட நதி, கரையில் கோட்டை, சுற்றிலும் பாக்குத் தோப்பு. பாக்கைக் குறுக்கே வெட்டிப் பார், வட்டத்துக்குள் வரிகள் ஓடும். சக்கரத்துக்குள் கம்பிகள் மாதிரியே இருக்கும். இப்படி ஒன்றை வேறு ஊர்க்காரர் யோசிக்க மாட்டார்.

3. சைக்கிள் வரைந்தால் சரியாக வரை

சைக்கிளில் செயின் வலப்பக்கம் இருக்கும். அதனால் படத்தில் சைக்கிள் வலப்புறம் பார்த்து நின்றால்தான் செயின் தெரிய வேண்டும். படத்தை அப்படியே திருப்பிப் போட்டால் செயின் இடம் மாறிவிடும், தொழில் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். பழைய கனத்த சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. லோகோவில் எட்டு கம்பி போதும். மேலே போனால் சிறிய அளவில் கறுப்புத் திட்டாகிவிடும்.

4. கட்டைவிரல் அளவில் பார்

போர்டைவிட அதிகம் பேர் பார்க்கப் போவது மட்கார்டில் நீ ஒட்டும் ஸ்டிக்கரைத்தான். கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பு ஒரே நிறத்தில் அச்செடு. ரப்பர் ஸ்டாம்பில் தெளிவாக வருகிறதா, வாட்ஸ்அப் வட்டத்துக்குள் அடங்குகிறதா, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றால் படிக்க முடிகிறதா என்று பார். இதெல்லாம் சரியான பிறகு நிறம் சேர். இரண்டு நிறம் போதும். மேற்கு பார்த்த கடையென்றால் சிவப்பை நம்பாதே, வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

5. தமிழ் எழுத்துக்கு முதலிடம்

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 அளவு. ஆகவே லோகோவைத் தமிழில் தொடங்கு. சுருக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. 'சைக்கிள்' என்பது 'சைககிள' ஆகிவிடும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொல்.

6. கோப்பையும் உரிமையையும் வாங்கு

வரைந்து கொடுப்பவரிடம் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதே. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோரல் டிரா கோப்பைக் கேட்டு வாங்கு. இணையத்தில் இருப்பதை எடுத்து ஒட்டாதே. நீ விற்கும் கம்பெனியின் சின்னத்தையும் உன்னுடையதாக்காதே. கடை நிலைத்ததும் டிரேட்மார்க் பதிவு செய். நம் மாநிலத்துக்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சில்லறை விற்பனைக்கு 35-ஆம் வகுப்பு, பழுது பார்ப்பதற்கு 37. பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று, கண்ணு. அந்த ஸ்டிக்கர் உன் பெயரைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றப் போகிறது. ஒவ்வொரு சைக்கிளிலும் பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பிறகே அதை ஒட்டு.