சளிக்காய்ச்சலும் உணவும்

1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையிலும் பெருந்தொகையானோரை மாய்த்தது. இன்றும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பெரும்போக வேளாண்மை நடைபெறும் மாரிகாலத்திலே, வைரசுக் கிருமியால் வரும் சளிக்காய்ச்சல் வீடுதோறும் பரவுவதுண்டு.

உடற்சூடு ஒரு பாகை செல்சியசு ஏறினால், உடலுக்கு வேண்டிய சத்து ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடுகின்றது. அதனை உணவு அளிக்காவிடின் உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும். முன்னரே மெலிந்திருந்தவர், காய்ச்சல் நீங்கிய பின்னும் மண்வெட்டி பிடிக்க வலுவின்றி நெடுநாள் வருந்துவர். ஆதலால் நோயாளியைப் பட்டினி போடுதல் தவறாகும்.

கொடுக்க வேண்டியவை:

1. காய்ச்சல் நாட்களில்: பயறு சேர்த்த அரிசிக் கஞ்சி, இளநீர், கொதித்தாறிய நீர். சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க.

2. பசி திரும்பியதும்: வாவி மீன், முட்டை, பருப்பு. இவற்றின் புரதம் இழந்த தசையை மீட்கும்.

3. முருங்கையிலை, பூசணி, பப்பாசி: இவை தரும் ஏ உயிர்ச்சத்து மூச்சுக்குழாயின் உட்சவ்வைக் காக்கும். இச்சத்து கொழுப்பிற் கரைவதாதலின், கீரையையும் பூசணியையும் தேங்காய்ப்பாலுடன் சமைத்தல் நன்று.

நோய் தீர்ந்த பின்னரும் இரு கிழமைக்கு ஒருவேளை உணவேனும் மிகுதியாக அளித்தல் வேண்டும்.

உணவு மருந்துக்கு ஈடாகாது. மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

மழைக்கு முன்னரே, நீர் தேங்காத மேட்டில் இரண்டு முருங்கைத் தடிகளை நடுக. அருகே ஒரு கீரைப் பாத்தியும் அமைக்க. வயலைக் காக்கும் கமக்காரர் தம் உடலையும் காத்தல் கடனாகும்.