சொல்லாமல் விட்ட மருந்தும் தடுமாறும் இதயமும்

உங்கள் மணிக்கட்டில், பெருவிரலின் அடிப்பக்கமாக, மற்றக் கையின் மூன்று விரல்களை மெதுவாக வைத்துப் பாருங்கள். நாடி துடிப்பது தெரியும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு இது பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். இந்த ஒழுங்கு குலைவதையே இதயத் துடிப்புக் கோளாறு என்கிறோம். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரிடம் இது ஏன் கூடுதலாகக் காணப்படுகிறது, நாம் செய்யக்கூடியது என்ன என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

இதயம் துடிப்பது எவ்வாறு?

வலது சோணையறையின் மேற்பகுதியிலுள்ள சிறு இழையத்தில் மெல்லிய மின் கணத்தாக்கம் பிறக்கிறது. அது முதலில் சோணையறைகளுக்கும் பின்னர் இதயவறைகளுக்கும் பரவ, அவை முறையே சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகின்றன. இதயவறைகள் தூண்டப்பட்டு, அடுத்த துடிப்புக்கு மீண்டும் ஆயத்தமாகும் வரையிலான நேரத்தை வைத்தியர்கள் இ.சி.ஜி. தாளில் அளக்கிறார்கள். இதற்குக் கியூ.ரி. இடைவெளி என்று பெயர். நாடி வேகத்துக்கேற்பத் திருத்திக் கணித்த பின் இது 500 மில்லி செக்கனை, அதாவது அரைச் செக்கனைத் தாண்டினால் ஆபத்து அதிகம். இதயவறைகள் திடீரெனத் தாறுமாறாக விரைந்து துடிக்கலாம், மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாமல் ஆள் மயங்கி விழலாம், மரணமும் நேரலாம்.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில், அரசாங்க எச்.ஐ.வி. கிளினிக் ஒன்றில் 2000 முதல் 2009 வரை சிகிச்சை பெற்ற 2,860 பேரின் விபரங்கள் ஆராயப்பட்டன. அவர்களிடையே திடீர் இதய மரணங்கள் எதிர்பார்க்கப்பட்டதைவிட 4.5 மடங்கு கூடுதலாக இருந்தன. அதே நகரில் பின்னர் பிரேத பரிசோதனைகளின் அடிப்படையில் நடந்து, 2021இல் வெளியான ஆய்வு இன்னோர் உண்மையையும் காட்டியது: இதயத்தால் நேர்ந்தவை எனக் கருதப்பட்ட இத்தகைய மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு, வெளியே தெரியாத போதைப்பொருள் மிகைப்பாவனையே காரணம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் எச்.ஐ.வி. உள்ள 30,000க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வோ, நோயெதிர்ப்புச் சக்தி குன்றியோரிடமும் இரத்தத்தில் வைரசு மிகுந்தோரிடமும் சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் கோளாறு கூடுதலாக ஏற்படுவதைக் கண்டது.

காரணங்கள் மூன்று

முதலாவது, வைரசு கட்டுப்படாதிருக்கும்போது உடலில் நீடிக்கும் அழற்சி. இது இதயத் தசையையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது.

இரண்டாவது, வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் பொற்றாசியமும் மகனீசியமும் குறைதல். இவ்வுப்புகள் இன்றி இதயத்தின் மின்னோட்டம் சீராக நடவாது.

மூன்றாவது, மருந்துகள். முன்னர் பரவலாக வழங்கப்பட்ட எபாவிரென்ஸ், பங்கசு நோய்க்கான புளூக்கோனசோல், நுண்ணுயிர்க்கொல்லிகளான எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெதடோன் ஆகியன கியூ.ரி. இடைவெளியை நீட்டக்கூடியவை. தேவையானபோது வைத்தியர் இவற்றைத் தருவது தவறன்று. ஒன்றோடொன்று சேரும்போதே ஆபத்து பெருகுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எபாவிரென்ஸ் உட்கொள்ளும் ஒருவருக்கு வாய்ப்புண்ணுக்காகப் புளூக்கோனசோலும் கிடைக்கிறது. பின்னர் இருமல் வருகிறது. ஊரிலுள்ள வைத்தியரிடம் போகிறார். தம் நோயைச் சொல்ல வெட்கம். வைத்தியர் எரித்ரோமைசின் எழுதுகிறார். இரண்டு நாளாக வயிற்றோட்டமும் இருக்கிறது. மூன்றாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுகிறார். இங்கே குற்றவாளி எந்த ஒரு மருந்துமன்று. சொல்லாமல் விட்டதும், சொல்ல முடியாதவாறு அவரை அஞ்ச வைத்த ஊராருமே.

நாம் செய்யவேண்டியவை

இதைப் படித்து எவரும் எச்.ஐ.வி. மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. 2006இல் வெளியான ஸ்மார்ட் என்னும் பன்னாட்டு ஆய்வில், மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடமே மரணமும் இதய நோயும் கூடின. உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் பெரும்பாலானோருக்கு முதன்மையாகச் சிபாரிசு செய்யும் டொலுரெகிராவிர் கியூ.ரி. இடைவெளியைக் குறிப்பிடத்தக்க அளவில் நீட்டுவதில்லை. மருந்து மாற்றம் பற்றிக் கிளினிக் வைத்தியரிடமே கேட்கவேண்டும்.

• உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும், மருந்துக்கடையில் மருந்து வாங்கினாலும் அதைக் காட்டுங்கள்.
• புதிய மருந்து தரப்படும்போது, “இது இதயத் துடிப்பைப் பாதிக்குமா? இ.சி.ஜி. எடுக்கவேண்டுமா?” என்று கேளுங்கள்.
• வயிற்றோட்டம் தொடர்ந்தால் ஜீவனியைக் கரைத்துக் குடியுங்கள், வைத்தியரிடம் செல்லுங்கள்.
• குடும்பத்தில் இளவயதிலே திடீரென இறந்தவர் இருந்தால் வைத்தியரிடம் கூறுங்கள்.
• காரணமின்றி மயக்கம் வந்தாலோ, படபடப்போடு தலைச்சுற்று அல்லது நெஞ்சுநோ வந்தாலோ காத்திராதீர்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே பரப்பாதிருப்பது தொண்டர்களாகிய எமது கடமை. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தாற்றான் நோயாளி வாய்திறப்பார். வாய்திறந்தாற்றான் வைத்தியர் சரியான மருந்தைத் தரமுடியும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் ஒருவர் தம் நோயை வைத்தியரிடம் சொல்லத் தயங்குவது ஏன்?
2. அத்தயக்கத்தை நீக்க எமது சங்கம் இம்மாதமே செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?