சொத்து வரி: வாடகை மதிப்பிலிருந்து பரப்பளவு முறைக்கு

தெருவிளக்கு, துப்புரவு, கழிவுநீர் வடிகால் முதலிய அன்றாடப் பணிகளுக்காக நகராட்சிகள் தாமே திரட்டும் வருவாயில் சொத்து வரி முதன்மையானது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 49-ஆம் இனம் நிலம், கட்டடம் ஆகியவற்றின் மீதான வரியை மாநிலங்களின் பொறுப்பில் வைத்துள்ளது. மாநிலச் சட்டங்களின் வழியாகவே இவ்வதிகாரம் உள்ளாட்சிகளைச் சென்றடைகிறது. வரியின் வீதத்தைக் காட்டிலும், வரிக்கு அடிப்படையான மதிப்பை யார், எவ்வாறு நிர்ணயிப்பது என்பதே நீண்ட காலமாகத் தீராத சிக்கலாக இருந்து வந்துள்ளது.

வாடகை மதிப்பு முறை

ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு பகுதியை வரியாகப் பெறுவது பழைய முறை. சொந்தக் குடியிருப்புக்கும் இவ்வாறே வாடகை கற்பிக்கப்பட்டது. கொள்கையளவில் இது எளியதே. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த நகரங்களில் இதனால் பெரும் இடர்ப்பாடு விளைந்தது. சட்டப்படியான நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்டிருந்தால் மதிப்பீடு அதனைக் கடக்கக் கூடாது என்று 1961-இல் கல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாறு நிர்ணயிக்கப்படாத இடங்களிலும், சொந்தக் குடியிருப்புகளிலும்கூட அதே வரம்பு பொருந்தும் என்று 1979-இல் புதுதில்லி நகராட்சி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரே தெருவில், ஒரே அளவில் இரு வீடுகள் உள்ளன. ஒன்றின் வாடகை பல்லாண்டுகளுக்கு முன் உறைந்துபோனது. மற்றது புதிதாகக் கட்டப்பட்டது. இரு வீட்டாரும் ஒரே சாலையையும் ஒரே வடிகாலையும் பயன்படுத்துகின்றனர். வரியிலோ பன்மடங்கு வேறுபாடு. வருவாய் தேங்கியதால், நகராட்சிகள் வரி வீதத்தை உயர்த்த நேர்ந்தது. வீதம் உயர உயர, மதிப்பைக் குறைத்துக் காட்டும் தூண்டுதலும் மதிப்பீட்டு அலுவலரின் தன்விருப்ப அதிகாரமும் வளர்ந்தன.

பாட்னாவின் மாற்றம்

1993-இல் பாட்னா மாநகராட்சி புதிய வழியைக் கண்டது. சாலையின் வகை, பயன்பாடு, கட்டுமானத்தின் தன்மை ஆகிய மூன்றின் அடிப்படையில், சதுர அடிக்கு இவ்வளவு என மதிப்பு முன்னதாகவே அறிவிக்கப்பட்டது. 43.75 சதவீதமாக இருந்த வரி வீதம் 9 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இம்முறையை 1995-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

தில்லியில் கணக்கிடும் விதம்

தில்லி மாநகராட்சி 2004-இல் அலகுப் பரப்பு முறையை மேற்கொண்டது. குடியிருப்புப் பகுதிகள் எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. சதுர மீட்டருக்கு முதல் வகைக்கு 630 ரூபாய், நான்காம் வகைக்கு 320 ரூபாய், இறுதி வகைக்கு 100 ரூபாய் என அலகு மதிப்பு குறிக்கப்பட்டது. கட்டடத்தின் வயது, அமைப்பு, பயன்பாடு, குடியிருப்போர் உரிமையாளரா வாடகைதாரரா என்பவற்றுக்குத் தனித்தனிக் காரணிகள் உண்டு.

நான்காம் வகைப் பகுதியில், 1985-இல் கட்டப்பட்டு உரிமையாளரே வசிக்கும் 100 சதுர மீட்டர் கெட்டிக் கட்டடத்தைக் கொள்வோம். வயதுக் காரணி 0.8, ஏனைய காரணிகள் 1. எனவே ஆண்டு மதிப்பு 100 × 320 × 0.8 = 25,600 ரூபாய். வரி வீதம் 10 சதவீதம் எனில், வரி 2,560 ரூபாய். இக்கணக்கை வீட்டுக்காரரே போட்டுப் பார்க்கலாம். அலுவலரும் அதே விடையைத்தான் பெறுவார். இம்முறையின் தலையாய நன்மை இதுவே.

எஞ்சியுள்ள பணி

எனினும் சூத்திரம் மட்டும் போதாது. அலகு மதிப்பைக் காலந்தோறும் திருத்தாவிடில், உறைந்த வாடகையின் இடத்தை உறைந்த அலகு மதிப்பு பிடித்துக்கொள்ளும். புதிய கட்டடங்களும் கூடுதல் தளங்களும் பதிவேட்டில் ஏறாவிடில், முறையாகச் செலுத்துவோரே பிறர் சுமையையும் தாங்க நேரிடும். 2021-26 காலத்திற்கான 15-ஆவது நிதிக்குழு, நகர்ப்புற மானியம் பெற விழையும் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது இக்குறையைக் கருதியே ஆகும். வரி செலுத்துவோர் தம் கணக்கைத் தாமே சரிபார்க்க இயலும்போதுதான், தம் தெருவின் வடிகாலைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையையும் அவர்கள் உறுதியுடன் பயன்படுத்துவர்.