ஓட்டைக் குடமும் மாத்திரைக் கணக்கும்

வியாழக்கிழமை மதிய உணவுக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும்போது, "முழுங்கின உடனே ரத்தத்துல சேந்துருமா டீச்சர்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள எங்கள் பள்ளியில் அக்கேள்வியையே கணிதச் செயல்பாடாக்கினேன். இரும்பை எவ்வளவு உறிஞ்சுவது என்பதை உடலே தேவைக்கேற்பக் கட்டுப்படுத்துகிறது. அதனால் அந்தக் கணக்கு சிக்கலானது. எனவே வேறொரு மாத்திரையைக் கற்பனை செய்துகொண்டோம்.

அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் குடத்தில் ஒரு மாணவர் நீர் ஊற்றுகிறார். நீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இதுவரை ஊற்றியது எவ்வளவு? குடத்தில் இருப்பதையும் ஒழுகியதையும் கூட்டினால் விடை கிடைக்கும். குடலிலிருந்து இரத்தத்துக்கு வந்த மருந்தையும் இவ்வாறே கணக்கிடலாம். வாக்னர், நெல்சன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுதான்.

பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள் இவை. வெளியேற்ற மாறிலி மணிக்கு 0.2.

நேரம் (மணி): 0, 1, 2, 3, 4
இரத்தத்தில் இருப்பது (மி.கி./லிட்டர்): 0, 5, 7, 6, 5
வரைபடத்தின் கீழ் மொத்தப் பரப்பு: 0, 2.5, 8.5, 15, 20.5
வெளியேறியது (பரப்பு × 0.2): 0, 0.5, 1.7, 3, 4.1
உறிஞ்சப்பட்டது (இருப்பது + வெளியேறியது): 0, 5.5, 8.7, 9, 9.1

பரப்பைக் காண மாணவர்கள் அறிந்த சரிவகச் சூத்திரமே போதும். முதல் ஒரு மணி நேரத்துக்கு ½ × (0 + 5) × 1 = 2.5. அடுத்த மணி நேரத்துக்கு ½ × (5 + 7) × 1 = 6. இரண்டும் சேர்ந்து 8.5.

அட்டவணையை முடித்ததும், "எப்போது உறிஞ்சுதல் நின்றது?" என்று கேளுங்கள். இரத்த அளவு உச்சத்தைத் தொட்ட 2ஆம் மணியையே பலரும் சொல்வார்கள். கடைசி வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 3ஆம் மணிக்குள் இரத்த அளவு 7லிருந்து 6ஆகக் குறைகிறது. ஆனால் உறிஞ்சப்பட்டது 8.7லிருந்து 9ஆகக் கூடுகிறது. ஊற்றும் வேகமும் ஒழுகும் வேகமும் சமமாகும் இடமே உச்சம். அதன் பிறகும் மருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடமும் இதில் உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டு அரை மணி நேரத்தில் குணமாகவில்லை என்று சிலர் மீண்டும் ஒன்று போடுகிறார்கள். முதல் மாத்திரை அப்போதுதான் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது அதன்மேல் குவியும். அளவு மிஞ்சினால் கல்லீரல் பாதிக்கப்படும். குறைந்தது 4 மணி நேர இடைவெளி ஏன் என்பதை, இந்த வரைபடத்தைத் தன் கையால் வரைந்த மாணவர் பெற்றோருக்கும் விளக்குவார்.