டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் 'போட்டோ நெகட்டிவ்'. நிறம்தான் காரணம். வகுப்பில் நான்கு பேர் ஆரம்பித்தது, தி.நகர் டியூஷன் வரைக்கும் கூடவே வந்தது. மத்தியானம் பின்பக்க மாடிப்படியில் தனியாக உட்காருவேன். தயிர்சாதம் தொண்டையில் இறங்காது. "ஏன்டி, சாதம் அப்படியே வந்திருக்கு?" என்று அம்மா கேட்பாள். "பசிக்கலம்மா." மூன்று மாதம் இதையே சொன்னேன்.

உன்னிடமும் அப்படி ஒரு 'பசிக்கல' இருக்கிறதா, தங்கச்சி? இருந்தால் இதைப் படி.

யாரிடமாவது சொல்லு என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு வாய் வரவில்லை, எழுத வந்தது. ரஃப் நோட்டில் ஒரு மூலையைக் கிழித்து எழுதி, திரும்பிப் போகும் டப்பாவுக்குள் வைத்தேன். கழுவ எடுத்த அம்மா தொட்டி முன்னால் நின்றே படித்தாள். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். பாதியில் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

எழுதும்போது 'மனசு சரியில்ல' என்று எழுதாதே. "படிப்பில் கவனம் வை, சரியாயிடும்" என்று முடித்துவிடுவார்கள். நடந்ததை எழுது: "தீபாவளிக்கு அப்புறம் தினமும் வேன்ல மூணு பேர் என்னை இப்படிக் கூப்பிடறாங்க. ரெண்டு வாரமா தூக்கம் வரலை. திட்டாம முழுசா கேளு." யார், என்ன, எப்போதிலிருந்து, உனக்கு என்ன வேண்டும். இவ்வளவு போதும். அம்மாவிடம் முடியாதென்றால் சித்தி, தாத்தா, பி.டி. மிஸ், யாராக இருந்தாலும் சரி. முதல் ஆள் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் இரண்டாவது ஆளிடம் போ.

"சும்மா கலாய்ச்சோம்" என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிக்கிறவரைக்கும்தான் அது கலாய்ப்பு.

சொன்னால் தொந்தரவு இன்னும் அதிகமாகும் என்ற பயம் உனக்கு இருக்கும். அது வீண்பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்த பையன், விஷயத்தைப் பள்ளியில் சொன்ன பிறகு வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கையையும் விடவில்லை. அடுத்த வருஷமே அவன் பிளஸ் டூ பாஸ் செய்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.  பயம் நியாயமானது என்பதால்தான் சொல்கிறேன், தனியாகப் போய்ப் புகார் சொல்லாதே. பெரியவர் ஒருவரை அழைத்துப் போ. "என் பேர் வெளிய வராம எப்படிப் பார்த்துப்பீங்க?" என்று முதலிலேயே கேள். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. பள்ளியில் யாரும் அசையவில்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன.

தொந்தரவு வாட்ஸ்அப்பிலா? பதில் போடாதே. குரூப்பை விட்டு வெளியேறும் முன் தேதி, பெயர் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடு. அப்புறம் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கு. ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கிற ஒரு வரி காலையில் படிப்பதைவிடப் பத்து மடங்கு வலிக்கும்.

எனக்கு உதவிய இன்னொன்று, சாயங்காலம் தாத்தாவோடு நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றியது. எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நகர்ந்தது.

ஆனால் நடையால் எல்லாம் சரியாகாது. பிடித்த பாட்டுகூடக் கசக்கிறது, தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாகிவிட்டது, குளிக்க எழுந்திருப்பதே மலையாக இருக்கிறது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, மன அழுத்த நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் போவதுபோல டாக்டரிடம் போக வேண்டியதுதான். அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு.

வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நேரத்தில் தனியாக இருக்காதே. பக்கத்தில் இருப்பவரிடம் அப்படியே சொல்லு. போனில் 14416 அடி, டெலி மனஸ், தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-உம் உண்டு. நம் சென்னை ஆர்.ஏ.புரத்திலேயே சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. 044-24640050. எதிர்முனையில் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் "எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றே ஆரம்பி.

'வாழவே வேண்டாம்' என்று உன் தோழி உன்னிடம் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லிடாதே, ப்ராமிஸ்" என்று கையைப் பிடித்தால், கையை விடாதே. ப்ராமிஸை உடைத்துவிடு. அன்றைக்கே அவள் வீட்டுப் பெரியவர் யாரிடமாவது போய்ச் சொல்லு. கோபித்துக்கொண்டு உன்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.